ரோசாவின் நிக்கல் பட்டை

1

விசிறியைப் போட்டது நான்தான்.

ஒரு கதையை இப்படித் தொடங்க எனக்கு ஆசையில்லை. வேறு நல்ல வாக்கியங்கள் கைவசம் இருந்தன, அடுத்த பகுதியில் காட்டுகிறேன். ஆனால் இந்தக் கதை பிறந்ததே அந்த விசிறியால்தான். அதை மறைத்துவிட்டுக் கடலையும் காற்றையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தால், படித்துப் பார்க்கப்போகிற ரோசா என்னைச் சும்மா விடமாட்டாள்.

தட்டாஞ்சாவடியில் தேவதாஸ் முதலாளியின் முலாம் பட்டறை. சைக்கிள் ஹேண்டில்பாரும் மணி மூடியும் துருவோடு உள்ளே வரும், பளபளவென்று வெளியே போகும். நான் அங்கே ஸ்டோர் பார்க்கிறேன். அமிலமும் உப்பும் எடுத்துக் கொடுப்பது வேலை. மீதி நேரத்தில் கதை எழுதுவேன். மீதி நேரம்தான் அதிகம் என்பது முதலாளியின் கட்சி.

பட்டறையின் பின்னறையில் ஓராண்டாக ஒரு சின்னத் தொட்டியும் ஒரு மீட்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் ரோசா. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. (எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். கதைக்காக நானே கட்டியது, இன்னும் பூச்சு வேலை முடியவில்லை.) அவள் செய்வது செம்பும் நிக்கலும் மாறி மாறி அடுக்கிய ஒரு மெல்லிய பட்டை. அதன் வழியாக மின்சாரத்தை ஓடவிட்டு, பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் மின்தடை இறங்குகிறதா என்று பார்க்கிறாள். பஸ்ஸில் எடுத்துப் போனால் பட்டை விரிசல் விடுகிறது என்பதால் அளப்பதும் இங்கேயே.

அந்த அறையில் விசிறி கூடாது என்பது அவள் போட்ட சட்டம். நான் அறையில் போடவில்லை. வெளியே தாழ்வாரத்தில், எனக்காக, தலையாட்டும் மேசை விசிறி ஒன்றைப் போட்டேன். மே மாதம், செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நீங்களாக இருந்தாலும் போட்டிருப்பீர்கள். அது தலையை இந்தப் பக்கம் திருப்பினால் எனக்குக் காற்று. அந்தப் பக்கம் திருப்பினால் சன்னல் வழியாக ரோசாவின் பட்டைக்குக் காற்று. ஒவ்வொரு கோடியிலும் 'டக்' என்று ஒரு சத்தம்.

மின்சாரம் ஓடுகிற பட்டை லேசாகச் சூடாயிருக்கும். காற்றுப் பட்டால் குளிரும், குளிர்ந்தால் மின்தடை இறங்கும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ரோசாவுக்குத் தெரியும். ஆனால் அவள் ஞாயிறுதோறும் கோயிலில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். தாளம் எங்கே கேட்டாலும் கை தன்னால் அதோடு சேர்ந்துகொள்ளும். 'டக்' என்றதும் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள், அடுத்த 'டக்'குக்கு எடுத்தாள். கிட்டே போனால் மீட்டர் இறங்கியது. எடுத்தால் ஏறியது. காந்தத்துக்கு இப்படிப் பணிகிற பட்டையை அவள் ஓராண்டாகப் பார்த்ததில்லை.

எழுந்து ஓடினாள். முதலாளியின் டெலிபோனில் தன் பேராசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னாள். பேராசிரியர் உடனே மெட்ராசில் தங்கியிருந்த ஒரு பிரான்ஸ்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் இதே துறைக்காரர், தன் ஆய்வுக்கூடத்தில் ஓர் இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர். வருகிற திங்கட்கிழமை புதுச்சேரிக்கு வந்து நேரில் பார்க்கிறேன் என்றுவிட்டார்.

அப்புறம் கரண்ட் போனது.

ரோசாவின் மீட்டரும் பட்டையும் பேட்டரியில் ஓடுபவை. விசிறி மட்டும் நின்றது. அவள் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். மீட்டர் எண் கிணற்றுத் தண்ணீர் போல அசையாமல் இருந்தது. காந்தத்தைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், சன்னலுக்கு அப்பால் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ஃபேன் எப்பலேர்ந்து ஓடுது?"

"சாப்ட்டு வந்ததுலேர்ந்தும்மா."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனே."

"அதனாலதாம்மா கேக்கல."

2

நான் வைத்திருந்த நல்ல தொடக்கங்கள்:

'வங்காள விரிகுடாவின் அலைகள் பிரெஞ்சு மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்' [அலை முணுமுணுத்தது எனக்குக் கேட்டதில்லை. கடற்கரைக்குப் போனால் எனக்குக் கேட்பதெல்லாம் சுண்டல்காரர் குரல்தான்.]

'உலகத்தின் எதிர்காலம் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்தது.' [இது எனக்குப் பிடித்திருந்தது. முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "எதிர்காலம் ஊறட்டும், தொட்டி நம்மது, அத எழுதுனியா?" என்றார். எழுதிவிட்டேன்.]

'ரோசா அழகி. அவளுடைய கண்கள்' [மீட்டரைப் பார்த்துப் பார்த்துச் சிவந்திருந்தன. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.]

3

இனி அறிவியல். தாண்டிப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் நினைக்கலாம், ஆனால் இதைத் தாண்டினால் பின்னால் ரோசா எதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டாள் என்பது புரியாது.

எலெக்ட்ரான் என்பது ஒரு பம்பரம். [அடித்துவிட்டேன். "அது சுத்தலண்ணே, சுத்தற மாதிரி நடந்துக்குது, அவ்ளோதான்" என்றாள் ரோசா. அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றாள். நான் எதைக் கேட்டாலும் அவள் பதில் இதுதான் என்பதை வாசகர் குறித்துக்கொள்ளவும்.]

சரி, பெரிய மார்க்கெட்டுக்கு வாருங்கள். மூட்டை தூக்குகிறவர்களில் இரண்டு சாதி உண்டு: இடது தோளில் தூக்குகிறவர், வலது தோளில் தூக்குகிறவர். மார்க்கெட்டில் ஒரு சந்தில் கடைகள் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அடுத்த சந்தில் வலது பக்கம், அதற்கடுத்ததில் மறுபடியும் இடது. மீன் கடையிலிருந்து பூக்கடை வரைக்கும் போவதற்குள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு சந்தில் இடித்துக்கொண்டே ஆகவேண்டும். எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள். இப்போது ஓர் இன்ஸ்பெக்டர் வந்து, எல்லாக் கடையும் இடது பக்கம்தான் நீட்டலாம் என்று உத்தரவு போடுகிறார். இடது தோள்காரர் பாடு திண்டாட்டம். ஆனால் வலது தோள்காரர் எல்லாச் சந்திலும் ஓட்டமாக ஓடலாம். மொத்தத்தில் சரக்கு வேகமாகப் போகும்.

மூட்டைக்காரர்கள் எலெக்ட்ரான்கள். அவர்களில் இரண்டு வகை. சந்துகள் நிக்கல் அடுக்குகள். இன்ஸ்பெக்டர், காந்தம். அவ்வளவுதான். போன வருஷம், எண்பத்தெட்டில், பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரும்பும் குரோமியமும் அடுக்கி இதைப் பார்த்துவிட்டார்கள். அவர்களிடம் காற்றையே உறிஞ்சி எடுத்துவிட்டு உலோகத்தை ஆவியாகப் படியவைக்கிற இயந்திரம் இருக்கிறது. ரோசாவிடம் முலாம் தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற, தேவதாஸ் முதலாளியின் ரெக்டிஃபையர் இருக்கிறது. ஒரே தொட்டியில் செம்பு உப்பும் நிக்கல் உப்பும் கலந்துவிடுவாள். கரண்டைக் குறைத்தால் செம்பு படியும், கூட்டினால் நிக்கல். குறைத்து, கூட்டி, குறைத்து, கூட்டி. ஒரு தலைமுடியைப் பத்தாயிரமாகக் கிழித்தால் வருகிற கனத்தில் ஓர் அடுக்கு. இது இந்தத் தொட்டியில் வந்துவிட்டால், இயந்திரம் வாங்க வக்கில்லாத ஊர்களும் இந்த ஆட்டத்துக்கு வரலாம் என்பது அவள் எண்ணம்.

இதனால் என்ன உபயோகம் என்று முதலாளி கேட்டார். கம்ப்யூட்டரில் இன்னும் சின்ன இடத்தில் இன்னும் நிறைய எழுதிவைக்கலாம், படிக்கலாம், எதிர்காலத்தில் கரண்ட் போனாலும் எதையும் மறக்காத கருவிகூடச் செய்யலாம் என்றாள் ரோசா. முதலாளி யோசித்தார். தன்னிடம் வேலை பார்க்கிறவர்கள் கரண்ட் இருக்கும்போதே மறந்துவிடுகிறார்கள் என்றும், அதற்கு ஏதாவது பட்டை உண்டா என்றும் விசாரித்தார். என்னைப் பார்க்காமல்தான் விசாரித்தார், ஆனால் அறையில் வேறு யாரும் இல்லை.

இந்தத் துறைக்கு என்ன பெயர் என்று நான் கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம். பிள்ளை பிறந்து பெயர் வைக்காமல் இருக்கலாமா என்று 'சுழல்மின்னியல்' என ஒன்றைச் சொன்னேன். பாக்கலாம் என்றாள்.

4

இப்போது தனிஸ்லாசை உள்ளே கொண்டுவரவேண்டும். இவரால்தான் கதை இரண்டு நாளாக நகரவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் ஊரில் பிரான்சுக்குப் போக ஒரு வழிதான் எல்லாருக்கும் தெரியும்: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டுவது. அறுபதுகளில் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்று கையெழுத்துப் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், போடாதவர்கள் நாம். ரோசாவின் அப்பா கையெழுத்துப் போடப் போனார், வரிசை நீளமாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார். அவர் காலமாகியும் அந்த வரிசையைப் பற்றி அவர் மனைவி இருதயமேரி பேசாத நாளில்லை. தனிஸ்லாசின் அப்பா அதே வரிசையில் நின்றவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஆகவே தனிஸ்லாசிடம் நாசியோனாலித்தே, அதாவது அந்தக் குடியுரிமை, இருக்கிறது. பாரிசுக்குப் பக்கத்தில் தபால் இலாகாவில் வேலை. லீவில் வந்திருக்கிறார், பெண் பார்க்க.

இருதயமேரி அம்மாவின் கணக்கு தெளிவானது. மகளுக்குப் பிரான்சுக்குப் போகணுமா, போகட்டும். மாப்பிள்ளையோடு போகட்டும். அதற்கு நிக்கல் எதற்கு? ரோசா தன் படிப்பால்தான் போவேன் என்றாள். தாயும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். திங்கட்கிழமை வருகிற பிரான்ஸ்காரர் ரோசாவுக்கு இடம் தந்தால், கல்யாணப் பேச்சு இல்லை. தராவிட்டால், அடுத்த ஞாயிறே கோயிலில் முதல் ஓலை வாசிக்கப்படும். கல்யாண அறிவிப்பைப் பூசையில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், அதற்குத்தான் ஓலை என்று பெயர். மூன்றாவது ஓலையும் ஆகிவிட்டால் அப்புறம் பந்தல்காரரைத்தான் பார்க்கவேண்டும்.

கதையின் முதல் பிரதியில் தனிஸ்லாசுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டேன். சென்ட் வாசனை கொடுத்தேன். ஊரைப் பார்த்து மூக்கைச் சுளிக்க வைத்தேன். வில்லன் இல்லாத கதையை எந்தப் பத்திரிகை போடும்? வெள்ளிக்கிழமை பெரிய மார்க்கெட்டில் நிஜ ஆளைப் பார்த்தேன். கண்ணாடி இல்லை. கைகொள்ளாமல் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். நான் பட்டறைக்காரன் என்று தெரிந்ததும் கூச்சத்தோடு கிட்டே வந்து, "அவங்களுக்கு அந்த மெஷின் வேலை நல்லபடியா முடிஞ்சிடுமாங்க?" என்று கேட்டார். முடிந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்றேன். தெரியும் என்றார். முருங்கைக்காயை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, முடியட்டும் என்றார்.

இந்த ஆளை வில்லனாக்க எனக்குத் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். வாசனையைப் பாதியாகக் குறைத்தேன்.*

* வீட்டில் வசந்தா படித்துவிட்டு, "நல்லவர்னா அவரையே கட்டிக்கட்டுமே, அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றாள். என் மனைவி கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் கதையில் இடம் கொடுத்தால் கதைக்கு இடம் இருக்காது.

5

புதன்கிழமையிலிருந்து விசிறி இல்லை. நானே பிளக்கைப் பிடுங்கி, விசிறியை முதலாளியின் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ரோசா பேராசிரியரிடம் விசிறி விஷயத்தைச் சொல்லிவிட்டு, பட்டையை எண்ணெயில் முக்கிவைத்து, சூடு மாறாமல் பார்த்துக்கொண்டு, புதிதாக அளந்தாள்.

வியாழக்கிழமை மீட்டர் இறங்கியது. நிஜமாகவே. விசிறி தந்த அளவுக்கு இல்லை, ஆனால் காந்தம் வரும்போதெல்லாம் இறங்கியது, போகும்போதெல்லாம் ஏறியது. தாளம் போடக்கூடாது என்று ரோசா பாடாமல், முணுமுணுக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தாள். நான் முதலாளியிடம் சொல்லி எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுக்க வைத்தேன். பேராசிரியர் வந்து பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, போதும் என்றார்.

ரோசா மட்டும் டீயைக் குடிக்கவில்லை.

ஏன் என்று கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது இது. நிக்கலுக்குப் பழைய குணம் ஒன்று உண்டாம். நூறு வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்த குணம், அடுக்கே வேண்டாம், வெறும் நிக்கல் போதும். காந்தத்தைப் பட்டைக்குக் குறுக்கே வைத்தால் மின்தடை இறங்கும். நெடுக்கே வைத்தால் ஏறும். புதிய விஷயம் அப்படியில்லை. மார்க்கெட் இன்ஸ்பெக்டர் எந்தத் திசையில் நின்று உத்தரவு போட்டாலும் இறங்கத்தான் வேண்டும். வியாழக்கிழமை ரோசா காந்தத்தை வைத்தது குறுக்கே. ஆகவே இறங்கியது புதியதாகவும் இருக்கலாம், பழையதாகவும் இருக்கலாம். பட்டையைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் தெரிந்துவிடும். இறங்கினால் பிரான்ஸ். ஏறினால், அடுத்த ஞாயிறு ஓலை.

பேராசிரியர் திருப்பவேண்டாம் என்றார். மோசமான மனுஷர் இல்லை. இருபது வருஷமாக மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசைப்பட்டு, ஒருவரையும் அனுப்ப முடியாதவர். இறங்குகிற திசையில் மட்டும் காட்டலாம், பிரான்ஸ்காரர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இடம் கிடைக்கட்டும், மீதி வேலையை அங்கே போய் நல்ல இயந்திரத்தில் செய்துகொள்ளலாம் என்றார். நான் கதாசிரியன். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ரோசா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நான் தாழ்வாரத்தில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளி ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தார். இன்னா ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார், விசிறி இருக்கிற அலமாரியின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே. போடலாமா என்று அவரும் கேட்கவில்லை.

வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். திருப்பிட்டியாம்மா என்றேன். ம் என்றாள். என்ன ஆச்சு என்றேன்.

"பாக்கலாம்ண்ணே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

6

இதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டறைக்கு லீவு, சாவி என்னிடம் இருக்கிறது. நாளைக்குப் பிரான்ஸ்காரர் வருகிறார். எனக்கு முடிவு தெரியாது. தெரியாத முடிவை எழுதுவதுதான் என் தொழில் என்பதால், மூன்று எழுதி வைத்தேன்.

முடிவு அ: பட்டையைத் திருப்புகிறாள். இறங்குகிறது. பிரான்ஸ்காரர் எழுந்து நின்று கைகொடுக்கிறார். மெட்ராஸ் விமான நிலையத்தில் இருதயமேரி அம்மா ஊறுகாய் ஜாடியைப் பையில் திணித்துக்கொண்டே அழுகிறாள். தனிஸ்லாஸ் தூரத்தில் நின்று கையசைக்கிறார், கையில் முருங்கைக்காய். [முருங்கைக்காய் அதிகம். எடுத்துவிடலாம். அவரை வெறுங்கையோடு விடவும் மனசு வரவில்லை.]

முடிவு ஆ: திங்கட்கிழமை பிரான்ஸ்காரர் வருகிற பஸ் திண்டிவனத்தில் பழுதாகி நின்றுவிடுகிறது. அவர் அப்படியே மெட்ராசுக்குத் திரும்பி [இது முடிவில்லை. முடிவிலிருந்து நான் ஓடுவது.]

முடிவு இ: ஏறுகிறது. ஆனால் அவள் சொல்லவில்லை. குறுக்கே மட்டும் வைத்துக் காட்டுகிறாள். அவர் கேட்கவில்லை. அவள் போகிறாள். அங்கே நல்ல இயந்திரத்தில் நல்ல பட்டை செய்கிறாள், அது எல்லாத் திசையிலும் இறங்குகிறது. யாருக்கும் ஒரு நஷ்டமுமில்லை. [இதை எழுதிய பிறகு எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதில் அவளுக்கு முகமே வரவில்லை. எத்தனை தடவை எழுதினாலும் முதுகுதான் வருகிறது.]

ஆகவே வாசகரே, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

பட்டையைத் திருப்பி வைத்ததும் மின்தடை ................

ஒரு வேண்டுகோள்தான். நிரப்புவதற்கு முன் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டால் 'இறங்கியது' என்று நிரப்பச் சொல்வேன். எழுதுகிறவன் கையில் அந்த அதிகாரம்கூட இல்லையென்றால் பேனா எதற்கு.

7

இங்கே முடித்திருக்க வேண்டும். முடிக்க விடாமல் ரோசா வந்துவிட்டாள்.

பூசை முடிந்து நேராக வந்திருந்தாள், தலையில் முக்காடு சரிந்தபடி. நாளைக்குக் காட்டுவதற்காக அறையைக் கூட்டிவைக்கவேண்டுமாம். துடைப்பத்தைத் தேடிக்கொண்டே, என்னாண்ணே எழுதறீங்க என்றாள். கொடுத்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றபடியே படித்தாள். விசிறி வந்த இடத்தில் சிரித்தாள். மார்க்கெட் இடத்தில் தலையாட்டினாள், தன் பேராசிரியர் இதைவிட மோசமாகத்தான் விளக்குவார் என்றாள். தனிஸ்லாஸ் வந்த இடத்தில், அவர் அப்படியா கேட்டார் என்று என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

மூன்று முடிவுகளையும் படித்தாள். 'இ'யை இரண்டு தரம் படித்தாள் என்று நினைக்கிறேன். அப்புறம் புள்ளி வைத்த இடத்துக்கு வந்தாள்.

நான் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாடி, இது கதை, பிரான்ஸ்காரர் தமிழ் படிக்கமாட்டார், உன் பேராசிரியர் கதையே படிக்கமாட்டார், ஊரில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை, இந்த ஒரு இடத்திலாவது நல்லபடியாக இருக்கட்டுமே என்றேன். நான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்பது சொல்லி முடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"இறங்கிச்சுன்னு எழுதிடட்டுமா ரோசா?"

பாக்கலாம் என்பாள் என்று காத்திருந்தேன். காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, என் கையில் கொடுத்தாள்.

"வேணாம்ண்ணே. ஏறிச்சு. ஏறிச்சுன்னே எழுதுங்க. நாளைக்கு அவர் முன்னாடியும் திருப்பித்தான் காட்டப்போறேன். ஓலைய நான் பாத்துக்கறேன்."